மீள வளர்ந்த காட்டில் தேனீ வளர்ப்பு: முசலியிலிருந்து சில குறிப்புகள்

ஊர்ப் பெயர்களைப் பிரித்துப் பார்ப்பது தமிழ் படித்தவனுக்கு வருகிற ஒரு வியாதி. முசலிப் பிரதேசத்தில் அந்த வியாதிக்கு நல்ல தீனி உண்டு. மறிச்சுக்கட்டி என்றால் ஓடும் நீரை மறித்துக் கட்டிய இடம். கரடிக்குளி, பாலைக்குளி என்பவற்றில் வரும் 'குளி'யைச் சிலர் முத்துக்குளிப்போடு சேர்த்துச் சொல்வார்கள். நான் அதைக் குழி என்றே கொள்கிறேன். கரடி கிடந்த பள்ளம், பாலை மரம் நின்ற பள்ளம். எப்படிப் பிரித்தாலும் ஒன்று தெளிவு. இந்த ஊர்களுக்குப் பெயர் வைத்த நம்முடைய மூத்தாப்பாமார் காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு 11 வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, படித்து, வாத்தியாராகி, போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி வந்தபோது வாப்பாவின் மேட்டுக்காணியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. கிணற்றுக்கட்டு ஒன்றுதான் அடையாளம். அதற்குள்ளிருந்து ஓர் ஆத்தி மரம் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. எள்ளு விதைத்த நிலம் முழுவதும் இலந்தையும் காரையும் விளாத்தியும் ஆவாரையும். 20 வருடம் மனிதன் இல்லாவிட்டால் மண் என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருந்தது.

அதன் பிறகு நடந்ததை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2012 அக்டோபரில் ஒரு வர்த்தமானி. 2017 மார்ச்சில் இன்னொன்று. மாவில்லு பேணற்காடு என்ற பெயரில் 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் ஒரே கோட்டுக்குள் வந்தது. அகதிகளின் காணியில் வளர்ந்த மரம், காணியின் சொந்தக்காரனுக்கு எதிரான சாட்சியாயிற்று. வெளியில் இருந்தவர்கள் எங்களை வில்பத்தை அழிப்பவர்கள் என்றார்கள். நாங்கள் உறுதிகளையும் பேமிற்றுகளையும் தூக்கிக்கொண்டு அலைந்தோம். பலரிடம் அந்தக் கடதாசியும் இல்லை. ஓடிவரும்போது யார் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது?

எங்கள் வீட்டில் சண்டை அங்கேதான் தொடங்கியது. காக்காவின் கட்சி, டோசர் பிடித்து எல்லாவற்றையும் வழிக்க வேண்டும் என்பது. "வெட்டினாத்தான் மாஸ்டர் அது நம்மட காணி. மரம் நிண்டா அது காட்டிலாகாட காணி" என்பார். அந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் அனுபவம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. வாப்பாவின் மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மிஞ்சியதை வெட்டுவதா விடுவதா என்பதுதான் கேள்வி. வெட்டினால் மழையை நம்பி எள்ளும் கச்சானும். மாரி பிழைத்தால் அதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் நான் தேனீயைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். ஏழு வருடம் ஆகிறது. இனி எழுதப்போவது அந்த ஏழு வருடத்தில் கற்றது.

முதலில் தேனீக்களைப் பிரித்தறிய வேண்டும். இலங்கையில் தேன் சேர்க்கும் ஈக்கள் நான்கு வகை. உயர்ந்த மரக்கொப்பிலும் பாறையிலும் முறம்போல ஒற்றை வதை கட்டித் தொங்குவது பெருந்தேனீ. சிங்களத்தில் பம்பரா. அதன் கோபம் உயிரை வாங்கும், பெட்டிக்குள் அடங்காது. பற்றைக்குள் கொம்பைச் சுற்றி உள்ளங்கை அளவில் வதை வைப்பது கொம்புத்தேனீ. அதுவும் வெளிச்சத்தில் வாழ்வது, பெட்டிக்கு வராது. சுவர் வெடிப்பில் குடியிருக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கில்லை. தேனும் கொஞ்சம்தான், மருந்துக்கென்று தேடுவார்கள். நாலாவதுதான் நமக்குரியது: பொந்துத்தேனீ. இருட்டை விரும்பும். மரப்பொந்திலும் பழைய கறையான் புற்றிலும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல வதைகளை வரிசையாகக் கட்டும். இருட்டு, வரிசை என்ற இந்த இரண்டு குணமும் இருப்பதால்தான் அதைப் பெட்டிக்குள் சட்டம் போட்டு வளர்க்க முடிகிறது. வதைக்கும் வதைக்கும் நடுவில் தேனீ எப்போதும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியை விடும், அதை அடைக்காது என்பதை 1851இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ரோத் கவனித்தார். கழற்றி மாட்டும் சட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவைதான். அந்தப் பெட்டி மேலைநாட்டுத் தேனீக்கு அளவானது. நம்முடைய தேனீ சிறிது, குடும்பமும் சிறிது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் அதற்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சங்கத் தமிழில் தேன்கூட்டுக்கு 'இறால்' என்று பெயர். மலைச்சாரலில் இறால் தொங்கியது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மன்னார்க் கரையில் வளரும் பிள்ளைக்கு இறால் எங்கே தொங்கும்?

மீள வளர்ந்த காட்டுக்கு வருவோம். பழங்காடுதான் தேனுக்கு நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். ஓரளவுக்குத்தான் சரி. பழங்காட்டில் பாலையும் வீரையும் முதிரையும் வானத்தை மூடி நிற்கும். கீழே வெளிச்சம் குறைவு, பூக்கும் பற்றை குறைவு. கைவிட்ட காணியில் நடப்பது வேறு. முதலில் வெயில் விரும்பும் செடிகள் வரும். ஆவாரை, இலந்தை, உண்ணிச்செடி, காரை. அவற்றின் நிழலில் பறவையும் கரடியும் போட்ட விதைகளிலிருந்து பாலையும் விளாத்தியும் நாவலும் எழும்பும். வேம்பு எங்கேயும் வரும். 20, 30 வருடத்தில் இந்தத் தலைமுறைகள் எல்லாம் ஒரே நிலத்தில் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று பூத்து ஓய, மற்றது பூக்கிறது. அதாவது இளங்காட்டில் பூவுக்குக் குறைவில்லை.

குறைவது பொந்து. மரத்தில் பொந்து விழ வயது வேண்டும். கொப்பு முறிந்து, உக்கி, மரங்கொத்தி கொத்தி, அதெல்லாம் நடக்க நூறு வருடமும் ஆகலாம். முப்பது வயதுப் பாலை குமர்ப்பிள்ளை மாதிரி. அதில் பொந்தேது? இதனால் எங்கள் பக்கத்தில் உணவு நிறைய, வீடு இல்லை என்ற நிலை. தேனீக்குக் கிடைத்த வீடுகள் கறையான் புற்றும் எங்கள் இடிந்த வீடுகளின் சுவரும்தான். இடிந்துபோன ஒரு பள்ளிவாசலின் மிஹ்ராபுக்குப் பின்னால் இருந்த மாடத்தில் நானே ஒரு குடும்பத்தைக் கண்டேன். பெட்டி வைப்பது என்பது இந்தக் குறைந்துபோன பொந்தைக் கொடுப்பதுதான். மீள வளர்ந்த காட்டுக்கும் தேனீப் பெட்டிக்கும் உள்ள பொருத்தம் இதில்தான் இருக்கிறது. சூறத்துந் நஹ்லில் தேனீக்கு வீடாகச் சொல்லப்படும் இடங்கள் மூன்று: மலைகள், மரங்கள், மனிதர் கட்டுபவை. மூன்றாவதை நான் முன்பு கவனித்து ஓதியதில்லை. அந்த வசனங்களில் தேனீயை நோக்கிய ஏவல்கள் எல்லாம் அரபு இலக்கணப்படி பெண்பாலில் வருவதையும் ஒரு மௌலவி எடுத்துக்காட்டினார். வீடு கட்டுவதும் தேன் தேடுவதும் பெண் ஈக்கள்தான். ஆண் ஈ ஒரு வேலையும் செய்யாது.

தேனீ கூட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்வரை தேடிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் பரப்பு 314 ஹெக்டேயர், ஏறத்தாழ 775 ஏக்கர். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் என் காணியில் பெட்டி நின்றால், வட்டத்தில் பாதி பேணற்காட்டுக்குள் விழுகிறது. பேணற்காட்டுக்குள் பெட்டி வைக்கவோ தேனெடுக்கவோ அனுமதி வேண்டும், இல்லாமல் போனால் வழக்கு. தேனீக்கு அந்தக் கல் தெரியாது. வாப்பாவின் பறிபோன ஒன்றரை ஏக்கரிலிருந்து எனக்கு வருகிற ஒரே வருமானம் இப்போது அதன் காலில் ஒட்டிக்கொண்டு வருவதுதான்.

தொடங்கிய கதை அழகானதல்ல. போருக்குப் பிறகு ஒரு நிறுவனம் ஊரில் பலருக்குத் தேனீப்பெட்டி கொடுத்தது. பெட்டி கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள், தேனீ கொடுக்கவில்லை. "வந்து இருக்கும்" என்றார்கள். பாதிப் பெட்டி கோழிக்கூடானது. எனக்குக் கிடைத்த இரண்டில் ஒன்றுக்கு ஒரு குடும்பம் தானாக வந்து, நாலாம் மாதம் தானாகப் போனது. அதற்குப் பிறகுதான் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருப்பதை அறிந்து, விடுமுறையில் பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன்.

அங்கு கற்றதில் முக்கியமானது, பொந்துத்தேனீ ஓடிப்போகும் இனம் என்பது. பூ குறைந்தாலும் எறும்பு ஏறினாலும் மெழுகுப்பூச்சி வதையைத் தின்றாலும் வெயில் தாங்காவிட்டாலும் அடிக்கடி பெட்டியைத் திறந்தாலும் குடும்பத்தோடு எழும்பிப் போய்விடும். அகதி வாழ்க்கை வாழ்ந்தவனுக்கு அதைக் குறை சொல்ல வாயில்லை. கூட்டுக்குள் குஞ்சு வளரும் பகுதியை அது 35 பாகை அளவில் வைத்திருக்க வேண்டும். மன்னார் வெயிலில் தகரக்கூரையின்கீழ் பெட்டி வைத்தால் ஈக்கள் தேன் தேடுவதை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமந்து சிறகடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பெட்டிக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும். காக்காவின் டோசர் இந்த இடத்தில்தான் தோற்றது.

குடும்பம் பிடிக்கப் பழைய வழிதான் நல்லது. வாய் சிறுத்த மண்முட்டியின் உட்புறம் தேன்மெழுகு தேய்த்து, சிறு துவாரம் விட்டு மூடி, மரக்கவட்டில் கட்டிவிட வேண்டும். மாரி ஓய்ந்து காடு பூக்கத் தொடங்கும்போது குடும்பங்கள் பிரிந்து வீடு தேடும். பத்து முட்டி கட்டினால் மூன்றில் வந்து இருக்கும். வதை மூன்று நாலு ஆனபின், மாலையில், முட்டியிலிருந்து வதைகளை வெட்டிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டி, ராணியோடு பெட்டிக்கு மாற்றுவது. ராணியை நசித்துவிட்டால் கதை முடிந்தது. நான் இரண்டு தரம் நசித்திருக்கிறேன்.

எறும்புக்குப் பெட்டிக் கால்களின்கீழ் தண்ணீர்க் கிண்ணம். வெயிலில் அது காய்ந்துபோகும், ஒருநாள் மறந்தாலும் முசுறு ஏறிவிடும். நான் சுபஹுக்குப் பிறகு நேரே பெட்டியடிக்குத்தான் போவேன். மெழுகுப்பூச்சிக்கு மருந்தில்லை, அடித்தட்டைக் கிழமைக்கு ஒருதரம் துடைப்பதும் ஈ இல்லாத பழைய வதையை எடுத்துவிடுவதும்தான். புரட்டாதி கழிந்ததும் பஞ்சுருட்டான் குருவிகள் வலசை வரும். கம்பியில் இருந்துகொண்டு ஈயைக் கொத்தும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கரடிக்குச் செய்ய முடியும். முதல் வருடம் காட்டோரம் வைத்த இரண்டு பெட்டியை ஒரே இரவில் சிம்பு சிம்பாக்கிவிட்டது. ஊர்ப் பெயர் பொய்யில்லை என்று காக்கா சொன்னார். அதற்குப் பிறகு பெட்டிகள் வீட்டு வளவுக்குள், உயரமான இரும்புக் காலில்.

பயிருக்கு மருந்தடிப்பதுதான் பெரிய எதிரி. வயலில் மத்தியானம் பூச்சிமருந்து விசிறினால் பின்னேரம் பெட்டி வாசலில் ஈக்கள் சுருண்டு கிடக்கும். பக்கத்து வயல்காரர் ஆறு பேரிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினேன். பொழுதுபடும் நேரத்தில் அடியுங்கள், முதல்நாள் சொல்லிவிடுங்கள், நான் வாசலை வலையால் மூடிவைக்கிறேன் என்றேன். நாலு பேர் கேட்டார்கள். பூசணியும் வத்தகையும் போட்டவர்கள் உடனே கேட்டார்கள். அவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; ஈ வராவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும் என்பது அவர்களுக்கு என்னைவிடத் தெரியும்.

இனிக் கணக்கு. தேனீ வளர்த்து இலட்சாதிபதியாகலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். றப்பர்த் தோட்டத்துக் கேகாலையிலும் யூகலிப்டஸ் நிற்கும் ஊவாவிலும் ஒரு பெட்டியில் எடுப்பதை வறண்ட மன்னாரில் எடுக்க முடியாது. போன வருடம் 12 பெட்டியோடு தொடங்கினேன். 4 ஓடிப்போயின. மீதி 8இல் எடுத்தது 29 போத்தல். 750 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று தேன் நிறைத்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். 2,500 ரூபாப்படி 72,500. ஆவணி, புரட்டாதிப் பஞ்சத்தில் சீனிப்பாகு கொடுத்த செலவு 4,500. மிச்சம் 68,000. மாதத்துக்குப் பிரித்தால் 6,000 கூட இல்லை. தச்சரிடம் ஒரு பெட்டி 9,000 ஆனது. 12 பெட்டிக்கு 1,08,000. முதல் ஒன்றரை வருடத்துக்கு மேல் பெட்டிக் கடன்தான் கட்டுவோம். அதற்குப் பிறகு வருவது இலாபம், பெட்டி பத்து வருடம் இருக்கும். மழை பிழைத்து எள்ளு கருகிய வருடத்திலும் ஓரளவு தேன் வந்தது. காட்டுமரத்தின் வேர் ஆழத்தில் இருப்பதால் அது பூத்தது. சிறு விவசாயிக்கு இது முழுச் சாப்பாடல்ல, பானையில் ஒரு பிடி அரிசி. ஆனால் அந்தப் பிடி மரத்தை வெட்டாமல் வருகிறது.

இப்படி மீள்காட்டை நம்பி வாழ்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல. மெக்சிக்கோவின் யுக்கத்தான் பகுதியில் மாயா விவசாயிகள் சோளம் விதைத்த நிலத்தைச் சில வருடங்கள் காடாக விட்டுவிடுவார்கள். எங்கள் சேனை மாதிரித்தான். அப்படி விட்ட தரிசில் மஞ்சளாகப் பூக்கும் தஹோனால் என்ற செடி அவர்களின் பெரிய தேன்பயிர்களில் ஒன்று. மரபணு மாற்றிய சோயாவுக்கு அங்கு அனுமதி கொடுக்கப்பட்டபோது தேனீ வளர்ப்பவர்கள்தான் வழக்குப் போட்டார்கள். ஆதிக்குடிகளைக் கலந்து பேசாமல் அந்த அனுமதி செல்லாது என்று 2015இல் மெக்சிக்கோ உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. காட்டிலிருந்து வருமானம் பெறுபவன் காட்டுக்காக நீதிமன்றம் போவான் என்பதற்கு அது உதாரணம்.

யானை பற்றியும் கேட்கிறார்கள். கெனியாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர் தொடங்கிய தேனீ வேலி முறை 2014 முதல் வஸ்கமுவப் பக்கத்தில் பரீட்சிக்கப்படுகிறது. கலைந்த தேனீக்களின் இரைச்சலைக் கேட்டு நம்நாட்டு யானைகளும் பின்வாங்குவதாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் 12இல் 4 பெட்டி ஓடிப்போகும் இடத்தில் அந்த வேலியை நம்பிப் படுத்துறங்க எனக்குத் துணிவில்லை.

ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் என்னைக் காட்டி, "மாஸ்டரைப் பாருங்கள், காணி கேட்காமல் காட்டை வைத்தே சம்பாதிக்கிறார்" என்றார். எனக்குச் சுட்டது. நான் காணி கேட்காமல் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் உரிமையாளர் அறியப்பட்ட நிலம் பாழடைந்து போனாலும் அது அவருடையதுதான். முள் முளைத்ததால் உரிமை போகாது. நாட்டுச் சட்டம் வேறு பேசுகிறது, அதோடு வழக்குப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். தேனீப்பெட்டியைக் காணி உறுதிக்குப் பதிலாக யாராவது நீட்டினால் வாங்கக் கூடாது. பெட்டி வேறு, உறுதி வேறு. என் பெட்டிகள் நிற்கும் ஒன்றரை ஏக்கருக்கு உறுதி இருப்பதால்தான் நான் அங்கு மரத்தை வெட்டாமல் விட்டேன். நாளைக்கு இதையும் கோட்டுக்குள் எடுப்பார்களோ என்ற பயம் இருப்பவனிடம் மரத்தை வளர்க்கச் சொல்வது எப்படி? காக்கா சொன்ன வாதத்துக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். இந்தப் பதில் என் கையில் இல்லை, வர்த்தமானி எழுதுபவர்கள் கையில் இருக்கிறது.

தேன் எடுப்பது, விற்பது பற்றி இரண்டு வார்த்தை. வதையில் முக்கால்வாசியாவது மெழுகால் மூடப்பட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர்த்தன்மை கூட. நூற்றுக்கு 20க்கு மேல் இருந்தால் புளித்துப் போத்தல் மூடி தெறிக்கும். எங்கள் முதல் அறுவடை அப்படித்தான் தெறித்தது. பிழிந்து எடுக்கக் கூடாது. சட்டத்தைச் சுழற்றி எடுத்தால் வதை தப்பும், ஈ திரும்பவும் நிரப்பும். அடிப்பெட்டியில் இருப்பது குஞ்சுக்குரிய உணவு, அதில் கைவைத்தால் பஞ்சத்தில் குடும்பம் ஓடும். சீனிப்பாகு கொடுக்கும் மாதங்களில் தேன் எடுத்து விற்பது ஹராமான கலப்படம் என்றே நான் கருதுகிறேன். ஸகாத்தைப் பொறுத்தவரை ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் தேனில் பத்தில் ஒன்று உண்டு. நம்முடைய ஷாஃபிஈ மத்ஹபில் கடமையில்லை. ஆனாலும் 29இல் 3 போத்தலைப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவோம். காக்காவின் ஏற்பாடு அது.

தண்ணீரில் துளி விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது எல்லாம் தேனைச் சோதிக்கும் வழியல்ல. தடித்த சீனிப்பாகும் அதே மாதிரி நேரே அடியில் இறங்கும். வாங்குபவருக்கு உள்ள ஒரே சோதனை விற்பவரை அறிந்திருப்பதுதான். அதனால் நாங்கள் ஒவ்வொரு போத்தலிலும் எடுத்த திகதியும் பெட்டி இலக்கமும் எழுதி ஒட்டுகிறோம். பூவின் பெயரையும் காக்கா தன் கையால் எழுதுகிறார். வேம்பென்றால் நிறம் கொஞ்சம் கறுத்து, கடைசியில் ஒரு கசப்பு நிற்கும். புத்தளத்தில் இன்னும் இருக்கிற எங்கள் ஊரார் அந்தக் கசப்புள்ளதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.